கல்லைப் படிக்க ஒரு துறை: செஞ்சியை முன்வைத்துக் கலை வரலாற்றுக் கல்வி

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் கோட்டைகளின் தொகுதியாகச் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. அதையொட்டி முற்றுகைகளும் படையெடுப்புகளும் தேசிங்கு ராஜன் கதையும் மீண்டும் பேசப்பட்டன. கல்யாண மகாலை ஏன் அந்த வடிவத்தில் எழுப்பினார்கள், வெங்கடரமணர் கோயில் தூண்களைச் செதுக்கியவர்கள் எந்த மரபில் வந்தவர்கள், நெற்களஞ்சியத்தின் வளைகூரை இந்த மண்ணுக்கு எப்படி வந்தது என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் எழவே இல்லை. இவற்றைக் கேட்கவும் விடை தேடவும் பயிற்சி தரும் படிப்புக்குத்தான் கலை வரலாறு என்று பெயர்.

செஞ்சியிலோ திண்டிவனத்திலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவிக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தால் அவள் எங்கே போவாள்? எந்த மொழியில் படிப்பாள்? படித்து முடித்து என்ன செய்வாள்? தமிழ்நாட்டில் கலை வரலாறு கற்பிக்கப்படாமல் இல்லை. ஆனால் தொல்லியலில் கொஞ்சம், வரலாற்றில் கொஞ்சம், நுண்கலைக் கல்லூரியில் கொஞ்சம், சிற்பக் கல்லூரியில் கொஞ்சம் என்று அது சிதறிக் கிடக்கிறது. இவற்றை ஒன்றுசேர்க்காதவரை செஞ்சி போன்ற ஓர் இடத்தை நம் பல்கலைக்கழகங்களால் முழுமையாகப் படிக்க முடியாது. அந்த நிலையை ஆராய்ந்து, அதிலிருந்து மீளும் வழியைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை வந்த வழி

கலை வரலாறு பல்கலைக்கழகப் பாடமாகத் தலையெடுத்தது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில். 1844இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் குஸ்தாவ் வாகன் இத்துறைக்குப் பேராசிரியரானார். பின்னர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் இரண்டு படங்களை அருகருகே திரையில் காட்டி, வேறுபாட்டைக் கண்ணால் கண்டறியச் சொல்லிப் பாடம் நடத்தினார். இன்றுவரை உலகெங்கும் கலை வரலாற்று வகுப்பின் அடிப்படைப் பயிற்சி இந்த ஒப்புநோக்கல்தான்.

இந்தியக் கட்டடக்கலையை நூல்களின் துணையோடு ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ். சிற்ப சாஸ்திரச் சுவடிகளைப் படித்து அவர் எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1834இல் லண்டனில் வெளியானது. 1876இல் ஜேம்ஸ் ஃபெர்கூசன் இந்தியக் கட்டடக்கலை முழுவதையும் வகைப்படுத்தி எழுதினார். ராம் ராஸ் சுவடியிலிருந்து கட்டடத்துக்குப் போனார். ஃபெர்கூசன் கட்டடத்தை நேரில் பார்த்து ஐரோப்பிய அளவுகோலால் அளந்தார். இந்த இரு வழிகளுக்கும் இடையிலான இழுபறி நம் துறையில் இன்னும் ஓயவில்லை.

பல்கலைக்கழகத்துக்குள் இத்துறை காலூன்றியது கிழக்கிலும் மேற்கிலும்தான். வியன்னாவில் பயின்ற ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1920களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலை கற்பிக்கத் தொடங்கினார். 1950இல் பரோடா பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் புலம் உருவானபோது, ஓவியம் தீட்டுகிற மாணவரும் கலை வரலாறு படிக்கிற மாணவரும் ஒரே வளாகத்தில் பழகும் ஏற்பாடு அமைந்தது. பரோடாவின் பெயர் இன்றும் நிலைப்பதற்கு அந்தச் சேர்க்கையே முதற்காரணம்.

தமிழகத்தில் கதை வேறு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, கை வேலைக்கும் வடிவமைப்புக்கும் முதலிடம் தந்தது. வரலாறு அங்கே துணைப்பாடம். தமிழகக் கலையின் வரலாற்றை முறையாகக் கட்டியெழுப்பும் வேலை நம் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, செஞ்சிக்குப் பக்கத்தில், புதுச்சேரியில் நடந்தது. அங்கே கல்லூரிப் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ராய் (1885–1945) தென்னிந்தியத் தொல்லியல் குறித்து 1914இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட இரு தொகுதிகள் அதற்கு அடித்தளம் போட்டன. அவர் சுவடியை மட்டும் நம்பவில்லை. கோயில் கோயிலாக அலைந்தார். கட்டட உறுப்புகளின் பெயர்களை அன்று வேலை செய்துகொண்டிருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஒரு போதிகை சொல்லும் காலம்

ழுவோ துப்ராய் கண்டுபிடித்த முறையை வகுப்பறையைவிடச் செஞ்சி வட்டாரத்தில் நன்றாகக் கற்கலாம். தூணின் தலையில், உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு போதிகை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. தூண்கள் பருத்தவை, கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு. அவற்றின் மேல் போதிகை எளிய கைகளாக நீண்டு உத்தரத்தைத் தாங்குகிறது. மொட்டும் இல்லை, மலரும் இல்லை.

இனி செஞ்சிக்குத் திரும்பி, 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வெங்கடரமணர் கோயில் மண்டபத்தில் நின்று மேலே பார்க்க வேண்டும். போதிகையின் நுனியிலிருந்து தாமரை மொட்டு கவிழ்ந்து தொங்குகிறது. சோழர் காலத்தின் பிற்பகுதியில் சிறு முனையாக எட்டிப் பார்த்தது, விஜயநகரக் காலத்தில் நீண்டு விரிந்து தொங்கும் பூவாகிவிட்டது. கல்வெட்டு இல்லாத ஒரு மண்டபத்தில்கூட இந்த மொட்டின் வளர்ச்சியை வைத்துக் காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம் என்று காட்டியவர் ழுவோ துப்ராய். ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்த முறை பயன்பாட்டில் இருக்கிறது.

ஆனால் காலம் கணிப்பதோடு கலை வரலாறு முடிந்துவிடாது. தளவானூர் குடைவரையின் முகப்பில் மகர தோரணத்தைப் பார்க்கும் மாணவர், மரத்திலும் துணியிலும் கட்டிய அலங்காரம் எப்படிக் கல்லுக்கு மாறியது என்று கேட்கப் பழக வேண்டும். பனமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், சிறுசன்னதி ஒன்றின் சுவரில் மகுடமணிந்த பார்வதி, குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். அவள் பார்வை போகும் திசையில் சிவனின் ஆட்டம் அழிந்துபோய்க் கோடுகளாக மிஞ்சியிருக்கிறது. பாதி அழிந்த ஓவியத்தில் எது மூலம், எது இடைக்கால மாற்றம், எது காலத்தின் சிதைவு என்று பிரித்தறிவது தனிப் பயிற்சி. திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கிய 24 தீர்த்தங்கரர்களையும், அதே குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாகப் பொறித்த எழுத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பாறை ஏன் புனிதமானது என்பது விளங்கும். சிற்பம் ஒரு துறைக்கு, எழுத்து ஒரு துறைக்கு என்று பிரித்துக் கொடுத்தால் குன்று யாருக்கும் புரியாது.

இன்று எங்கே படிக்கலாம்

இந்தியாவில் கலை வரலாற்றை முதுகலையாகவும் ஆய்வாகவும் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் பரோடா, சாந்திநிகேதன், காசி இந்துப் பல்கலைக்கழகம், தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் புலம் ஆகியவற்றை நாடுகிறார்கள். சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறை பல்லாண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்துவருகிறது. அது பெண்கள் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் சிற்பம், கட்டடக்கலை, கல்வெட்டியல், ஓலைச்சுவடி ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகளை அமைத்தது. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி மரபு முறையில் ஸ்தபதிகளை உருவாக்குகிறது. மாநிலத் தொல்லியல் துறை கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது.

பட்டியலாகப் பார்த்தால் குறைவில்லை. ஆனால் இவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. மாமல்லபுரத்தில் பயிலும் மாணவருக்குப் போதிகையைச் செதுக்கத் தெரியும். அதன் வரலாற்றை ஆவணங்களோடு எழுதும் பயிற்சி குறைவு. தொல்லியல் மாணவருக்கு அகழ்வும் கல்வெட்டும் தெரியும். ஓர் ஓவியத்தின் முன் ஒரு மணி நேரம் நின்று, கண்டதை எழுதும் பழக்கத்தை யாரும் அவருக்குக் கற்றுத்தருவதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளின் வரலாற்றுப் பட்டப்படிப்பில் கலை என்பது ஒவ்வொரு அரச மரபின் முடிவிலும் 'கலையும் கட்டடக்கலையும்' என்ற கடைசிப் பத்தியாக வந்துபோகிறது. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருவதால் மாணவர்கள் கோயில் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள்; கோயிலைப் பார்ப்பதில்லை.

செஞ்சி எந்தத் துறையின் பொறுப்பு?

இந்தப் பிளவின் விலை என்ன என்பதைச் செஞ்சியில் தெளிவாகக் காணலாம். ஏறத்தாழ 240 மீட்டர் உயர்ந்த ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன. விஜயநகரத்தின் கீழ் வளர்ந்து நாயக்கர்களின் தலைநகரான இந்த ஊரை 1649இல் பிஜப்பூர் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கிருந்து முகலாயரை எட்டாண்டு எதிர்த்து நின்றார். 1698இல் கோட்டை வீழ்ந்தது. 1714இல் தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் போரிட்டு மடிந்தார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் வந்தார்கள்.

இவர்களில் பலர் கட்டினார்கள், இடித்தார்கள், மாற்றினார்கள். ராஜகிரி அடிவாரத்துக் கல்யாண மகால் சதுர முற்றத்தைச் சுற்றிய அறைகளும், அடுக்கடுக்காகக் குறுகி மேலெழும் கோபுரமும் கொண்டது. ஒவ்வொரு அடுக்கிலும் கூர்முனை வளைவுகள். உச்சியில் கோயில் விமானத்தை நினைவூட்டும் கூரை. வளைவு தக்காணச் சுல்தான்களின் கட்டட மரபைச் சேர்ந்தது, அடுக்கு முறை தமிழ்க் கோயில் மரபை ஒட்டியது. கோயில் கட்டடக்கலை படித்தவர் இதைத் 'தூய்மை கெட்ட' வடிவம் என்று ஒதுக்குகிறார். இஸ்லாமியக் கட்டடக்கலை படித்தவர் தில்லியோடும் பிஜப்பூரோடும் நின்றுவிடுகிறார். விஜயநகரத்து அரண்மனைகளிலும் மதுரை நாயக்கர் மகாலிலும் காணும் அதே துணிச்சலான கலப்பு இது. 16, 17ஆம் நூற்றாண்டுத் தமிழக அரசவைகள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட நாகரிகத்தின் சாட்சி. இதைத் தன் மையப் பாடமாக எடுத்துக்கொள்ளும் துறை தமிழ்நாட்டில் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

கோட்டைக்குள் 1717–18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசல், வளைகூரை இட்ட களஞ்சியங்கள், கிருஷ்ணகிரி மேலுள்ள குவிமாடக் கொலு மண்டபம் ஆகியவற்றின் நிலையும் இதுவே. அரசியல் வரலாற்றுக்கு சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய நூல் உண்டு. மதில், வாயில், நீர்நிலை அனைத்தையும் அளந்து, கட்டுமானக் கட்டங்களைப் பிரித்துக்காட்டிய பெருமை புதுச்சேரியில் வாழ்ந்த ழான் தெலோஷையே சேரும்; அவருடைய செஞ்சி நூலின் ஆங்கிலப் பதிப்பு 2005இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை தமிழில் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' செஞ்சியின் கட்டடங்களை யார் எழுப்பினார்கள் என்பதற்கு வாய்மொழி மரபின் சாட்சியம் தருகிறது. சீனிவாசாச்சாரியின் ஆவணங்கள், தெலோஷின் அளவுகள், நாராயணப் பிள்ளையின் செய்திகள், கட்டடத்தின் வடிவம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடுவதே கலை வரலாற்று ஆய்வு.

இன்னொரு உதாரணம் புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. அவை கோயில் மண்டபத்தில் நின்றபோது ஒரு பொருள், வென்றவர் நகரின் அலங்காரமானபோது ஒரு பொருள், இன்று தேசத் தலைவரின் சிலையைச் சூழ்ந்து நிற்கையில் வேறொரு பொருள். கல் மாறவில்லை, அதை நிறுத்தியவர்களின் நோக்கம் மாறியிருக்கிறது. கடற்கரையில் நடக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இதைச் சொல்ல ஒரு பலகையும், அந்தப் பலகையைச் சரியாக எழுத ஒரு படிப்பும் வேண்டும்.

எந்த மொழியில் படிப்பது?

இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்துவரும் மாணவர் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார். ஆனால் தமிழில் இத்துறைக்குச் சொல்வளமும் நூல்வளமும் உண்டு. அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கூடு, கும்பம், பலகை, போதிகை என்று சிற்பிகள் நாள்தோறும் பேசும் சொற்களைத்தான் ழுவோ துப்ராயும் அவருக்குப் பின் வந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்', இரா. நாகசாமியின் 'ஓவியப்பாவை', குடவாயில் பாலசுப்ரமணியனின் கோயில் ஆய்வுகள், இரா. கலைக்கோவனும் மு. நளினியும் மகேந்திரர் குடைவரைகளை அங்குலம் அங்குலமாகப் பதிவுசெய்த நூல் எல்லாம் தமிழில்தான் எழுதப்பட்டன.

இவற்றில் பல, பல்கலைக்கழக ஊதியத்தில் அமர்ந்தவர்கள் எழுதியவை அல்ல. கலைக்கோவன் தொழிலால் கண் மருத்துவர். ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் செய்த பணியை நிறுவனங்கள் முழுநேரத்திலும் செய்யவில்லை என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சமயம் தமிழில் மட்டும் படித்தால் போதும் என்பதும் தீங்கு. செஞ்சியைப் படிக்க வடமொழிக் கல்வெட்டும் பாரசீகக் கல்வெட்டும் மராட்டிய ஆவணமும் பிரெஞ்சுக் குறிப்பும் வேண்டும். பாடத்தைத் தமிழில் நடத்தி, ஆங்கிலத்தைக் கருவியாகத் தந்து, மூலமொழி ஒன்றைக் கட்டாயமாக்குவதே நியாயமான வழி.

படித்தால் என்ன பயன்?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது, கேட்பதில் தவறில்லை. உலகெங்கும் இதே கேள்வி உண்டு. 2014இல் அமெரிக்க அதிபர் ஒபாமா, கலை வரலாற்றுப் பட்டத்தைவிடத் தொழிற்பயிற்சி அதிகம் சம்பாதித்துத் தரக்கூடும் என்று பேசிவிட்டுப் பின்பு கலை வரலாற்றுப் பேராசிரியர் ஒருவருக்குக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். 2016இல் இங்கிலாந்தில் ஒரு தேர்வு வாரியம் பள்ளி மேல்நிலையில் கலை வரலாற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வலுத்தபின் இன்னொரு வாரியம் அதை ஏற்று நடத்தியது.

நம் சூழலில் பயன் மிகத் தெளிவானது. கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் சிலைக்காக லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் நிபுணராகச் சாட்சியம் அளித்தவர் இரா. நாகசாமி, சிலை 1991இல் திரும்பி வந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டபோது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்துவைத்த புகைப்படங்கள் உறுதியான ஆதாரமாயின. 1955இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் படத்தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. படத்தில் உள்ள சிலையும் காட்சிக்கூடத்தில் உள்ள சிலையும் ஒன்றே என்று நிறுவ, வோல்ஃப்லின் வகுப்பில் செய்ததுபோல இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

அருங்காட்சியகம், திருப்பணி மேற்பார்வை, பாதுகாப்பு, சுற்றுலா, பதிப்பகம், ஆவணப்படம், பள்ளிக் கல்வி ஆகிய எல்லாவற்றிலும் இந்தக் கண்ணுக்கு வேலை இருக்கிறது. பல ஊர்களில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சில் கல்வெட்டு மழுங்கியது, ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு ஏறியது, கருங்கல்லில் பளபள வண்ணம் பூசப்பட்டது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்திருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அரசு பணியிடங்களை உருவாக்காமல் படிப்பை மட்டும் தொடங்குவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

செய்ய வேண்டியவை

புதிய பல்கலைக்கழகம் தேவையில்லை. இருக்கும் துறைகளை இணைக்கும் ஈராண்டு முதுகலை ஒன்றை முதலில் தொடங்கலாம். முதல் ஆண்டில் மாணவர்கள் கல்வெட்டையும் சுவடியையும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், கட்டட உறுப்புகளையும் வரைவையும் மாமல்லபுரத்து ஸ்தபதிகளிடமும் கற்கட்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு முழு செமஸ்டர் ஒரே வட்டாரத்தில் தங்கிப் படிக்கட்டும். அதற்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. குடைவரையும் கட்டுமானக் கோயிலும் சமணப் படுக்கையும் பள்ளிவாசலும் அரண்மனையும் கோட்டையும், கீழ்வாலை, செத்தவரை போன்ற பாறை ஓவியங்களும் ஒரு பகல் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன. மேல்சித்தாமூர் மடத்தில் தமிழ்ச் சமணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சிங்கவரத்தில் பாறையில் பள்ளிகொண்ட அரங்கநாதருக்கு இன்றும் பூசை நடக்கிறது.

ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டடத்தை அளந்து, வரைந்து, படமெடுத்து, ஆவணம் தேடி, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதும் அறிக்கையே அவருடைய ஆய்வேடாக அமையட்டும். விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளின் இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கு இதன் சிறு வடிவத்தை விருப்பப் பாடமாக வைக்கலாம். செலவு அதிகமில்லை, பேருந்துக் கட்டணம், அளவு நாடா, தங்குமிடம், பொறுமையுள்ள ஆசிரியர் ஆகியவை போதும். பத்து ஆண்டுகளில் செஞ்சி வட்டாரத்தின் ஒவ்வொரு மண்டபத்துக்கும் தமிழில் ஒரு நம்பகமான பதிவு கிடைக்கும். இன்று எந்த நூலகத்திலும் அது இல்லை.

உலகப் பாரம்பரியம் என்ற தகுதி செஞ்சிக்குப் பயணிகளைக் கொண்டுவரும்; அந்தத் தகுதியைக் காக்கும் அறிவை அது தானாகக் கொண்டுவராது. அந்த அறிவைப் பல்கலைக்கழகம்தான் உருவாக்க வேண்டும். கல்யாண மகாலின் வளைவை ஆராய இந்த ஊர்ப் பிள்ளை பரோடாவுக்கோ தில்லிக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். அங்கிருந்து மாணவர்கள் செஞ்சியைப் படிக்க இங்கே வரும் அளவுக்கு ஒரு துறையை நம்மால் கட்ட முடியும். அதற்கான கல்லும் சொல்லும் ஆசிரியரும் நம்மிடம் இருக்கின்றன. இனி வேண்டியது அவற்றைச் சேர்த்துவைக்கும் முடிவு.